ஏரிக்கரையில் என்ன இருக்கிறது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற கோடையில் கொடைக்கானல் போயிருந்தோம். ஏரியைச் சுற்றி நிதானமாக நடக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கார்களுக்கும் குதிரைகளுக்கும் வழிவிட்டு ஒதுங்கியே நேரம் போய்விட்டது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்டமில்லாத ஊர்ப்புற ஏரி எதையாவது பார்ப்போம் என்று செங்கல்பட்டைத் தாண்டி ஓர் ஏரிக்கரையில் இறங்கினோம். பத்து நிமிடத்தில் என் ஒன்பது வயது மகன், "இங்கே என்னம்மா இருக்கிறது?" என்று கேட்டுவிட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. திரும்பி வந்துவிட்டோம். எங்கே போகலாம், பிள்ளைகளுக்கு எதைக் காட்டலாம்? அணைகள் நடப்பதற்கு ஏற்றவையா?

ஒரு வாசகி,
தாம்பரம்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகன் கேட்டது நல்ல கேள்வி. கொடைக்கானல் ஏரியும் மனிதர் உண்டாக்கியதுதான். 1863இல் லெவிஞ்ச் என்ற ஆங்கில அதிகாரி ஓடையை மறித்து அதை அமைத்தார். வெயிலுக்கு அஞ்சி மலையேறியவர்களின் ஏரி அது. போய் நின்றாலே அழகு கண்ணில் படும். நீங்கள் இறங்கிய ஏரி நெல்லுக்காகக் கட்டப்பட்டது. அது வேலை செய்கிற இடம். அந்த வேலை என்னவென்று தெரிந்துவிட்டால் கரையில் ஒவ்வோர் அடிக்கும் பார்க்க ஏதாவது இருக்கும்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் ஏரிகளைச் சுற்றி வர முடியாது. பள்ளமான பக்கத்தில் மட்டும்தான் கரை உண்டு, பிறை வடிவில். மேட்டுப் பக்கம் திறந்தே கிடக்கும். அங்கே தண்ணீர் மெலிந்து மெலிந்து கோரையிலும் புல்லிலும் முடிந்துபோகும். எனவே ஏரி நடை என்றால் கரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போய்த் திரும்புவதுதான். போகும்போது ஒரு கை பக்கம் தண்ணீர், மறுகை பக்கம் வயல். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நடந்தால் வயல்தான் தாழ்வாக இருப்பது தெரியும். இயந்திரம் எதுவும் இல்லாமல் ஓர் ஊருக்கே சோறு போட்ட உத்தி இவ்வளவுதான்: தண்ணீரை மேட்டில் நிறுத்தி வைத்துப் பள்ளத்துக்குத் திறந்துவிடுவது.

வழியில் மதகு வரும். கரைக்கு அடியில் செல்லும் கல்லால் ஆன பாதை வழியே தண்ணீர் வாய்க்காலில் இறங்கும் இடம் அது. பிள்ளைகளை அங்கே அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே வெளிவருகிறது என்று அவர்களே தேடிக் கண்டுபிடிக்கட்டும். கரை முடியும் இடத்தில் கலங்கல் இருக்கும். ஏரி நிரம்பினால் உபரி நீர் அதைத் தாண்டி வழியும். பழைய கலங்கல்களின் தலையில் வரிசையாகக் கற்கள் நட்டிருப்பார்கள். மழைக்காலக் கடைசியில் அந்தக் கற்களுக்கு இடையே பலகையும் களிமண்ணும் வைத்து அடைத்து, இன்னும் கொஞ்சம் நீரைத் தேக்கிக்கொள்வார்கள். வழிந்த நீர் வீணாவதில்லை. கீழே இருக்கும் அடுத்த ஏரிக்குப் போகும், அங்கிருந்து அதற்கடுத்த ஏரிக்கு. ஒரு கலங்கலில் தொடங்கி வாய்க்காலோடு நடந்து அடுத்த ஏரியைச் சேர்வதுதான் எனக்கு மிகப் பிடித்த நடை. எந்த வழிகாட்டிப் பலகையும் அதைச் சொல்லாது. வயலில் நிற்பவரிடம் கேளுங்கள், கையை நீட்டிக் காட்டுவார்.

உங்கள் பக்கத்தில் எங்கே போவது? உத்திரமேரூருக்குப் போங்கள். குடவோலைக் கல்வெட்டு எல்லோருக்கும் தெரியும். 919, 921 ஆண்டுகளில் முதலாம் பராந்தகன் காலத்தில் பொறிக்கப்பட்டது. தேர்தலைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதில் ஏரி வாரியம் என்ற ஒரு குழு இருந்ததைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். ஓலை எடுத்து ஆள் தேர்ந்தார்கள், 360 நாள் பதவி கொடுத்தார்கள், ஏரியைக் காக்கும் பொறுப்பை ஒப்படைத்தார்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் அந்த எழுத்துகளைத் தொடாமல் பார்க்கும்படி பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பிறகு நேராக ஏரிக்கு அழைத்துப் போங்கள். பல்லவர் காலத்தில் வைரமேகத் தடாகம் என்று பெயர் பெற்ற ஏரி அது. கோயிலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வேடந்தாங்கல் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதுவும் ஒரு சிறிய பாசன ஏரிதான். சிற்றேரியைத் தாங்கல் என்பது அந்தப் பக்கத்து வழக்கு. பறவைகளின் எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்பதை அந்த ஊர்க்காரர்கள் அறிந்திருந்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில், சிப்பாய்கள் பறவைகளைச் சுடுகிறார்கள் என்று ஆட்சியர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமையை எழுதி வாங்கினார்கள். கூழைக்கடாவையும் நத்தைகுத்தி நாரையையும் காட்டும்போது இதையும் சொல்லுங்கள்.

அணைகளைப் பொறுத்தவரை எனக்கு ஆர்வம் குறைவு. பல இடங்களில் அணையின் மேல் நடக்க விடமாட்டார்கள், அது சரியும்கூட. பூண்டிக்கு மட்டும் போகலாம். 1944இல் கட்டி முடித்த நீர்த்தேக்கம். அங்கே தொல்பழங்கால அருங்காட்சியகம் ஒன்று உண்டு. பக்கத்து அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகளைப் பார்த்தால், கொசஸ்தலை ஆற்றங்கரையில் மனிதர் எவ்வளவு காலமாக நடந்திருக்கிறார்கள் என்பது புரியும்.

ஒன்றை மட்டும் நீங்கள் கண்டிப்பாகக் கேட்க வேண்டும். ஏரிக்குள் பிள்ளைகளை இறங்க விடாதீர்கள், கணுக்கால் அளவு தண்ணீர் என்றாலும். கோடையில் ஏரி வற்றியதும் வண்டி வண்டியாக மண் எடுப்பார்கள். மழை வந்து நிரம்பியதும் அந்தக் குழிகள் மறைந்துவிடும். மேலே எல்லாம் ஒரே தண்ணீர், ஒரே அமைதி. நான் எட்டாம் வகுப்பு படித்தபோது, சித்திரையில் நாங்கள் குதித்து விளையாடிய ஒரு குழி மார்கழியில் என் வகுப்புத் தோழனை வாங்கிக்கொண்டது. முழங்கால் ஆழத்தில் நடந்து போனவன் அடுத்த அடியில் இல்லை. நீச்சல் தெரிந்தவன். நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. இன்றும் நிறைந்த ஏரியைப் பார்த்தால் மகிழ்ச்சிக்கு முன்னால் அந்த இடத்தைத்தான் என் கண் தேடுகிறது.

அதனால்தான் ஒரே ஏரிக்கு ஆண்டில் மூன்று முறை போகச் சொல்கிறேன். சித்திரையில் வெடித்த தரையில் இறங்கி நடந்து, குழிகளையும் மதகின் உள்வாயையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசியில் மழை விட்ட ஒரு நாள், வரத்துக்கால் வழியாகச் செம்மண் நீர் வந்து சேர்வதைத் தொலைவில் நின்று பாருங்கள். கரை வழுக்கும் காலம் என்பதால் நடை வேண்டாம். தையில் நடங்கள். விடிந்ததும் கிளம்பி, வெயில் ஏறுமுன் திரும்பிவிடலாம். கையில் ஒரு கம்பு இருக்கட்டும், புல்லில் பாம்பு இருக்கும். கரையில் ஐயனார் கோயில் இருந்தால் அங்கே உட்கார்ந்து சாப்பிடுங்கள், இலையையும் பாட்டிலையும் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.

அந்தத் தை நடையில், மதகுக்கு அருகே பிள்ளைகளோடு வயல் பக்கம் இறங்குங்கள். உங்கள் மகனை வரப்பில் நிறுத்தி, கரையைத் திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த மண் மேட்டுக்கு அப்பால், அவன் தலைக்கும் மேலான உயரத்தில் தண்ணீர் நின்றுகொண்டிருக்கும். அவன் என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்