வாசகர் கேள்வி - பதில்: எதிரே இருப்பவர் முகம் ஏன் இறுகிப்போகிறது?

கேள்வி: பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமரா ஒன்றை 18-55 லென்ஸுடன் வாங்கி, ஓராண்டாகப் படம் எடுத்து வருகிறேன். கோபுரமும் ஆற்றங்கரையும் நன்றாக வருகின்றன. மனிதர்களை எடுத்தால் மட்டும் முகம் இறுகிவிடுகிறது, இல்லையென்றால் இருண்டுவிடுகிறது. தொலைவில் இருப்பதை அருகே காட்டும் 70-300 லென்ஸ் வாங்கி, தொலைவிலிருந்து அவர்கள் அறியாமல் எடுக்கலாமா?
(வாசகர், மன்னார்குடி)

பதில்: அந்த லென்ஸை இப்போது வாங்க வேண்டாம். நானும் அந்த வழியில் சில ஆண்டுகளைச் செலவிட்டவன். கும்பகோணத்தில் வெற்றிலை விற்றுக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவரைச் சாலையின் எதிர்ப்புறத்திலிருந்து 200 மி.மீ. லென்ஸில் எடுத்துக்கொண்டிருந்தபோது, அதைக் கவனித்துவிட்ட அவர் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். பல நாட்கள் அது என் மனத்தை உறுத்தியது. அடுத்த வாரம் அவரருகே போய் உட்கார்ந்து, ஒரு கவுளி வாங்கி, கொழுந்து வெற்றிலையை எப்படிப் பார்த்து எடுப்பது என்று கேட்டேன். அரை மணி நேரம் பேசியிருப்போம். "ஏந்தம்பி, அன்னைக்குக் கொண்டாந்த பொட்டி எங்க?" என்று அவரே கேட்டார். அன்று எடுத்த படத்தைப் போஸ்ட்கார்டு அளவில் அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்த பிறகு, அந்தக் கடைவரிசையில் யாரும் என்னைக் கண்டு முகம் திருப்பியதில்லை.

கேமராவைக் கண்களுக்கு உயர்த்துவதற்கு முன் நீங்கள் அவரோடு இருந்த நேரம் போதாததால்தான் முகம் இறுகுகிறது. ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்கப்படும் ஆண்டுகளில் குறுவை நடவு தொடங்கியதும் உங்கள் ஊரைச் சுற்றி எந்த வயலுக்கும் போகலாம். நடவு ஆட்கள் கரையேறித் தேநீர் குடிக்கும்போது அனுமதி கேளுங்கள். நாற்று எந்த நெல் ரகம், ஏடிடி 36-ஆ, 43-ஆ என்று விசாரியுங்கள். "சிரிங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். சேலையைத் தூக்கிச் செருகிக் குனிந்து நடும் பெண்களைப் பின்புறமிருந்து எடுப்பது எந்த நிலையிலும் கூடாது. முன்பக்கம் வரப்பில் குந்தி, அவர்கள் முகத்தின் உயரத்துக்குக் கேமராவைத் தாழ்த்துங்கள். வயலில் நிற்கும் தண்ணீர் வானத்தின் ஒளியைக் கீழிருந்து முகத்துக்குத் திருப்பி அனுப்புவதால், குனிந்த முகத்திலும் நிழல் இளகியிருப்பதைக் காண்பீர்கள். கைகள் வேகமாக இயங்குவதால் ஷட்டர் திறந்து மூடும் நேரம் 1/250 நொடியாகவோ அதைவிடக் குறுகியதாகவோ இருக்கட்டும். உட்கார்ந்து பேசுபவருக்கு 1/125 போதும்.

முகம் இருள்வதற்குக் கேமராவுக்குள் ஒளியை அளக்கும் மீட்டரே காரணம். எதிரே இருப்பது எதுவானாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று கருதியே கேமரா ஒளியை அளக்கிறது. வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் வெளிறிய வானத்தின் முன் நின்றால், அந்த வெண்மையைக் குறைக்க முயன்று அவர் முகத்தையும் சேர்த்து இருட்டாக்கிவிடும். அப்போது படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனைக் கூட்டல் பக்கம் ஒன்று வரை நகர்த்துங்கள். வெயிலில் கறுத்த ஒரு முகம் படச்சட்டத்தை நிறைக்கும்போது நேர்மாறாக நடக்கும்: மீட்டர் அதை வெளுக்கப் பார்க்கும், நெற்றி பளீரென்று வெளிறி, தோலின் செழிப்பு போய்விடும். அங்கே கழித்தல் பக்கம் சிறிது நகர்த்த வேண்டும். நம் மக்களின் நிறத்தை உள்ளபடியே பதிவு செய்வது புகைப்படக்காரரின் கடமை என்று நான் உறுதியாக நம்புகிறேன். வெளுப்பாக்கித் தருவதை அழகு என்று எண்ணிவிடாதீர்கள்.

உச்சி வெயிலில் கண்குழிகள் கருத்துவிடும். அந்த நேரத்துக்கு நம் ஊர் ஓட்டுவீட்டுத் திண்ணையைவிடச் சிறந்த ஸ்டுடியோ இல்லை. தெருவைப் பார்த்தபடி திண்ணையின் விளிம்பில் ஒருவரை உட்காரவைத்தால், முன்னாலிருந்து மென்மையான ஒளி விழும். பின்னால் ரேழியின் இருட்டு தானாகவே பின்னணியாக அமையும்.

உங்களிடமுள்ள லென்ஸை, அது மிகவும் நெருக்கிக் காட்டும் 55-இல் வைத்தே பழகுங்கள். அகலமாகக் காட்டும் 18-இல் வைத்துக் கிட்டே போனால் மூக்கு பெருத்துத் தெரியும். பிறகு பணம் சேர்ந்தால் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் வாங்கலாம், உங்கள் கேமராவில் படம் பதியும் சிறிய சென்சாரில் அது ஏறத்தாழ 75 மி.மீ. லென்ஸ் போலப் பார்க்கும். கிட்டத்தில் லென்ஸின் துளையை முழுதாகத் திறந்து 1.8-இல் எடுத்தால் ஒரு கண் தெளிந்து மறு கண் மங்கக்கூடும் என்பதால், துளையைச் சற்றுச் சுருக்கி 2.8 அல்லது 4-இல் வைத்து, உங்களுக்கு அருகிலுள்ள கண்ணில் ஃபோகஸ் செய்யுங்கள்.

கேள்வி: செல்போனில் இவற்றைப் பழக முடியுமா?
(வாசகி, பாபநாசம்)

பதில்: தாராளமாக முடியும். செல்போனின் முதன்மை லென்ஸ் அகலமாகப் பார்ப்பது என்பதால் முகத்துக்கு மிக அருகில் கொண்டுபோகாமல், ஓரிரு அடி பின்வாங்கி இரு மடங்கு நெருக்கிக் காட்டும் 2 எக்ஸ்-இல் எடுங்கள். பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் மோடு சில நேரங்களில் தலையில் சூடிய மல்லிகைச் சரத்தின் ஓரத்தையும் பின்னணி என்று எண்ணி மங்கலாக்கிவிடும், பார்த்துப் பயன்படுத்துங்கள். முகத்தை மெருகேற்றும் பியூட்டி வசதியை முதலில் அணைத்துவிடுங்கள்.