சீசன் முடிந்ததும் ஹோட்டல் ஆட்களைக் கைவிடாமல் வைத்திருப்பது எப்படி?

கேள்வி இது: இலங்கையின் கிழக்குக் கரையில், நிலாவெளியில், 18 பேர் வேலை செய்யும் ஹோட்டல். சீசன் முடிந்து ஒக்டோபரில் நிறுத்தும் நல்ல சமையற்காரர், அடுத்த சீசனுக்கு ஏப்ரலில் திரும்புவதில்லை. என்ன செய்வது?

முதலில் சட்டம். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், 12 மாதத்துக்குள் 180 நாள் வேலை செய்தவரை, ஒழுக்காற்றுக் காரணம் தவிர, அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ இல்லாமல் நிறுத்த முடியாது. ‘சீசன் முடிஞ்சுது, போயிட்டு வாங்கோ’ என்று வாயால் சொல்லி அனுப்புவது பெரிய பிழை.

ஒகஸ்டிலேயே பட்டியல் போடுங்கள். யார் இல்லாவிட்டால் சமையலறை நின்றுவிடும்? அந்த நாலைந்து பேருக்கு ஆண்டு முழுவதும் சம்பளம் கொடுங்கள். மாரியிலும் வேலை உண்டு: உப்புக்காற்றில் ஏசியின் வெளி யூனிட் துருப்பிடிக்கும், ஈரத்தில் மரக்கதவு ஊதி இறுகும். நிலுவை லீவையும் அப்போதே கொடுத்து முடிக்கலாம்.

மற்றவர்களுக்கு என் முதல் தெரிவு தெற்கு. இங்கே சீசன் இல்லாத டிசம்பர் முதல் மார்ச் வரை உனவட்டுன, மிரிஸ்ஸ பக்கம் சீசன். அங்குள்ள ஒரு ஹோட்டலுடன் எழுத்தில் ஒப்பந்தம் செய்யுங்கள்: திரும்பும் திகதி, தங்குமிடம், பஸ் காசு, ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) முதலாளி பங்கு 12%, ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ETF) 3% இரண்டையும் எந்த ஹோட்டல் கட்டுவது என்பதெல்லாம் அதில் இருக்கவேண்டும். சிங்களம் தெரியாதவரைத் தனியே அனுப்பவேண்டாம். இருவராக அனுப்பினால்தான் நிலைப்பார்கள்.