இரைப்பைக் கிருமி சொல்லும் இடப்பெயர்வுக் கதை: கேள்வி பதில்

பாக்டீரியா மரபணுக்களை வைத்து மனித இடப்பெயர்வை எப்படிக் கண்டறிகிறார்கள் என்று கேட்கச் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

ஈரோடு வாசகர்: வயிற்றில் இருக்கும் ஒரு கிருமிக்கு நம் முன்னோர் நடந்த வழி எப்படித் தெரியும்?

ஹெலிகோபாக்டர் பைலோரி உலகில் ஏறக்குறைய பாதிப் பேர் இரைப்பையில் இருக்கிறது. பெரும்பாலும் சிறு வயதிலேயே, வீட்டுக்குள்ளேயே, அதிலும் தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுகிறது. மருந்து கொடுத்து அகற்றாவிட்டால் ஆயுள் முழுக்க இருக்கும். ஆக, குடும்பம் எங்கே போகிறதோ அங்கே அதுவும் போகிறது. அதன் மரபணுவில் மாற்றங்கள் மிக வேகமாகச் சேர்வதால், மனித டிஎன்ஏவில் பிரித்துப் பார்க்கக் கடினமான இரண்டு குழுக்களைக்கூட இதில் சில நேரம் பிரித்துவிடலாம்.

2003-ல் சில மரபணுக்களை மட்டும் ஒப்பிட்டு, இக்கிருமிகள் ஆப்பிரிக்கா, ஐரோப்பா, கிழக்காசியா என்று நிலவாரியாகப் பிரிவதைக் காட்டினார்கள். 2007-ல் வந்த ஆய்வுதான் என்னை இந்தத் துறைக்குள் இழுத்தது. கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து தூரம் கூடக் கூட, கிருமியின் மரபணு வேறுபாடு குறைந்துகொண்டே போகிறது. மனித டிஎன்ஏவிலும் இதே சரிவு உண்டு. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சிறு கூட்டம் பிரிந்து போகும். இருந்த வேறுபாட்டில் ஒரு பங்கை மட்டுமே அது எடுத்துப் போகும். இக்கிருமி கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து பரவத் தொடங்கியது சுமார் 58,000 ஆண்டுகளுக்கு முன் என்று அந்த ஆய்வு கணக்கிட்டது.

திருச்சி வாசகர்: எனக்கு அல்சர். பைலோரி இருக்கிறதாம். மருந்து சாப்பிடலாமா மேடம்?

உங்கள் மருத்துவர் சொன்னபடி, சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள். பாதியில் நிறுத்தாதீர்கள்.

கல்லூரி மாணவர்: பசிபிக் தீவுகளுக்கு மக்கள் போனதையும் இதில் பார்க்க முடியுமா?

எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. 2009 ஆய்வில் இரண்டு தனித்தனிப் பயணங்கள் தெரிந்தன. ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடமும் நியூகினி மலைவாசிகளிடமும் இருக்கும் வகை, ஆசிய வகைகளிலிருந்து 31,000 முதல் 37,000 ஆண்டுகளுக்கு முன் பிரிந்திருக்கிறது. அப்போது கடல் மட்டம் தாழ்ந்து, அந்த இரண்டு நிலங்களும் ஒன்றாக இருந்தன. இன்னொரு வகை சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் தைவானிலிருந்து கிளம்பி, பிலிப்பைன்ஸ், மெலனீசியா வழியாகப் பாலினீசியாவுக்கும் நியூசிலாந்து மாவோரிகளிடமும் போயிருக்கிறது. ஆஸ்ட்ரோனீசிய மொழிகள் (மலாய், மாவோரி போன்றவை அடங்கிய குடும்பம்) பரவிய வழியும் அதுதான். மொழியையும் கிருமியையும் ஆராய்ந்தவர்கள் தனித்தனியாக ஒரே பாதைக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: என் சாதியின் பூர்வீகத்தை இந்தச் சோதனையில் கண்டுபிடிக்க முடியுமா?

முடியாது. கிருமி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவக்கூடியது. அது மக்கள் தொகுதிகளைப் பற்றிப் பேசும், தனி ஆளைப் பற்றி அல்ல. லடாக்கில் பௌத்தர்களிடமும் முஸ்லிம்களிடமும் இருந்த கிருமிகளுக்கு இடையே வேறுபாடு தெரிந்தது உண்மை. அதிலிருந்து யாருடைய உயர்வு தாழ்வும் கிளம்பாது.

கிள்ளான் வாசகர்: மலேசியத் தமிழர்கள் பற்றி ஏதாவது?

உண்டு. மலேசிய இந்தியர்களிடம் இருக்கும் வகையே மலாய்க்காரர்களிடமும் காணப்படுகிறது. மலாய்க்காரர்களிடம் இக்கிருமி பொதுவாகவே குறைவு. அதனால் அவர்கள் இதை அண்மைக் காலத்தில் இந்தியர்களிடமிருந்து பெற்றிருக்க வேண்டும் என்பது 2009-ல் வந்த ஒரு ஆய்வின் முடிவு. பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்ததன் தடயம் அது.

சேலம் வாசகர்: பைலோரி இருந்தால் கேன்சர் வருமா?

மருத்துவரைக் கேளுங்கள். இங்கே வரலாறு மட்டும்.

மதுரை வாசகர்: காசநோய்க் கிருமியும் 70,000 ஆண்டுகளாக நம்மோடு இருக்கிறது என்று படித்தேன். அதைச் சொல்லவில்லையே?

2013 ஆய்வு அப்படித்தான் சொன்னது. ஆனால் கிருமியின் கிளை மரத்தை மனிதரின் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏ (தாய்வழியே வருவது) மரத்தோடு பொருத்தி, இரண்டும் சேர்ந்தே பயணித்தன என்று எடுத்துக்கொண்டு வந்த எண் அது. 2014-ல் பெருவில் சுமார் 1,000 ஆண்டுப் பழைய எலும்புக்கூடுகளிலிருந்து கிருமியின் டிஎன்ஏவையே எடுத்தார்கள். அதை வைத்து அளந்தால் இன்றுள்ள காசநோய் வகைகளின் பொது மூதாதைக்கு 6,000 ஆண்டுகூட ஆகவில்லை. பெருவில் கிடைத்த வகை, சீல் போன்ற கடல் விலங்குகளிடம் உள்ளதற்கு நெருக்கமானது.

அவரே: ஒரு வகை இந்தியப் பெருங்கடலைச் சுற்றி, இன்னொன்று மேற்கு ஆப்பிரிக்காவில். நிலத்தோடு இவ்வளவு பொருந்துகிறதே?

பொருந்துகிறது. ஆனால் பருவக்காற்றை நம்பி நடந்த கடல் வணிகமும் அதே கரைகளைத்தான் இணைத்தது. நிலப்பொருத்தம் காலத்தைச் சொல்லாது.

அவரே: இஸ்ரேலின் அட்லிட் யாமில் 9,000 ஆண்டு எலும்பிலேயே காசநோய் இருந்ததே!

அங்கே கிடைத்தவை சிறு டிஎன்ஏ துண்டுகளும் கொழுப்புப் பொருள்களும். மண்ணிலேயே இந்தக் கிருமியின் உறவினர்கள் நிறைய உண்டு, அதனால் அந்த முடிவு சர்ச்சையில் இருக்கிறது. முழு மரபணு கிடைத்திருந்தால் கதை வேறு. ஹங்கேரியின் வாட்ஸ் நகரில் 18-ஆம் நூற்றாண்டு மம்மிகளிலிருந்து எடுத்த மரபணுக்களும் குறைந்த காலத்தின் பக்கமே நிற்கின்றன.

உங்கள் தரப்புக்கு ஒரு நல்ல வாதம் இருக்கிறது, அதை நானே தருகிறேன். குறுகிய காலத்தில் அளக்கும் மாற்ற வேகம் பொதுவாகக் கூடுதலாகத் தெரியும். கெடுதலான மாற்றங்கள் இன்னும் கழியாமல் இருக்கும். அதனால் 6,000 கொஞ்சம் மேலே போகலாம். 70,000 வரை இழுக்க அது போதாது.

கோவை வாசகர்: ஆல்ப்ஸ் பனி மனிதன்?

1991-ல் கிடைத்த ஏட்ஸி, 5,300 ஆண்டுப் பழையவர். அவர் இரைப்பையிலிருந்த பைலோரியின் மரபணு 2016-ல் வெளியானது. இன்றைய ஐரோப்பிய வகை ஆசிய, ஆப்பிரிக்க மூலங்களின் கலவை. அவருடையதோ ஏறக்குறைய கலப்பில்லாத ஆசிய மூலம். ஆக, ஐரோப்பாவில் அந்தக் கலப்பின் பெரும்பகுதி அவருக்குப் பிறகு நடந்திருக்க வேண்டும்.

இன்னும் மூன்று பேர் சாதி, இனம் பற்றிக் கேட்டிருக்கிறார்கள்.

மேலே பதில் சொல்லிவிட்டேன். இனி அந்தக் கேள்வியை எடுக்க மாட்டேன்.

முதுகலை மாணவி: இந்தத் துறைக்கு வர என்ன படிக்கலாம், அக்கா?

நுண்ணுயிரியலோடு புள்ளியியலும் நிரல் எழுதுவதும். சீக்கிரம் வாருங்கள்: சுத்தமான குடிநீரும் ஆன்டிபயாடிக்கும் பரவப் பரவ இக்கிருமி குறைந்துவருகிறது. மக்களின் உடல்நலத்துக்கு அது நல்லது. மாதிரி சேகரிக்க வேண்டிய ஊர்களின் பட்டியல் மட்டும் இன்னும் நீளமாக இருக்கிறது.