கோலா போத்தலில் 150டி என்று ஒரு நிறமூட்டி போட்டிருக்கிறது. அது புற்றுநோய் தருமா? பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

தீபாவளிக்கு இரண்டு கிளாஸ் குடித்த பிள்ளையை நினைத்து, இந்த நிறத்துக்காகப் பயப்படத் தேவையில்லை. கவலைப்பட வேண்டியது அதே போத்தலில் வேறொன்று இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

150 என்பது கரமல் நிறம், அதாவது கருகிய சீனி. ஹட்டனில் வீட்டிலேயே ஓடருக்குக் கேக் செய்பவள் நான். கிறிஸ்மஸ் கேக்குக்கு அந்தக் கறுப்பு வருவதே இதனால்தான். தாச்சியில் சீனியை மட்டும் போட்டு மெல்லிய நெருப்பில் வைத்தால் முதலில் ஓரம் உருகும். பொன்னிறமாகி, சிவந்து, பிறகு நுரைத்துக் கறுக்கும். புகை மூக்கைக் குத்தத் தொடங்கியதும் கொதிநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். கொதிநீர் என்றாலும் சீறித் தெறிக்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்கும் கறுப்புப் பாணியை நக்கிப் பார்த்தால் இனிப்பே இருக்காது, கசக்கும். ஒரு கரண்டி விட்டால் கேக் கலவை முழுக்க நிறம் ஏறிவிடும்.

ஆலையில் செய்வதும் அடிப்படையில் இதுதான். ஆனால் சூடாக்கும்போது எதைச் சேர்க்கிறார்கள் என்பதை வைத்து நான்கு வகை. அமோனியாவோ சல்பைட்டோ சேராதது 150ஏ. சல்பைட் சேர்த்தது 150பி, அமோனியா சேர்த்தது 150சி, இரண்டும் சேர்த்தது 150டி. சோயா சோஸுக்கும் பியருக்கும் பெரும்பாலும் 150சி. கோலா புளிப்பான பானம், அதில் எல்லாக் கரமலும் நிற்காது, கலங்கி அடியில் படியும். 150டி நிற்கும். அதனால்தான் அங்கே அது.

பயம் எங்கிருந்து வந்தது? அமோனியா சேர்க்கும் இரண்டு வகைகளிலும் 4-மெத்தில்இமிடசோல் என்ற பொருள் சிறிதளவு உண்டாகிறது. அமெரிக்காவில் 2007இல் வெளிவந்த ஆய்வில், இதை அதிக அளவில் தின்ற சுண்டெலிகளுக்கு நுரையீரலில் கட்டிகள் வந்தன. 2011இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இதை ‘மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடும்’ என்ற 2பி பட்டியலில் சேர்த்தது. கலிபோர்னியா மாநிலம் நாளொன்றுக்கு 29 மைக்ரோகிராமுக்கு மேல் போனால் எச்சரிக்கை ஒட்ட வேண்டும் என்றது. பெரிய கோலா கம்பனிகள் லேபலில் அப்படி எழுத விரும்புமா? கரமல் செய்யும் முறையை மாற்றச் சொல்லிவிட்டன. அந்த எலிகளுக்குக் கொடுத்த அளவை எட்ட ஒருவர் ஒரு நாளில் ஆயிரம் டின்னுக்கு மேல் குடிக்க வேண்டும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2012இல் சொன்னது. வறுத்த கோப்பியிலும் இதே பொருள் இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை.

சரி, அந்த வேறொன்று சீனிதான். 100 மில்லிக்கு 10 கிராம் சீனி உள்ள பானம் என்றால், 400 மில்லி போத்தலில் 40 கிராம். ஏறக்குறைய பத்துத் தேக்கரண்டி. தேத்தண்ணியில் அப்படிப் போட்டுக் கொடுத்தால் வீட்டில் சண்டை வரும். இலங்கையில் 2016இல் வந்த விதிப்படி 100 மில்லிக்கு 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு வட்டம், 2 முதல் 11 வரை மஞ்சள், அதற்குக் கீழே பச்சை. மஞ்சளைப் பார்த்து ‘பரவாயில்லை’ என்று எடுக்காதீர்கள், நான் சொன்ன 10 கிராமும் மஞ்சளுக்குள்தான் வரும்.

கரமல் நிறத்தில் எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். அது ஒரு பொருளை இன்னொன்றாகக் காட்டும். வெள்ளை மாவில் கொஞ்சம் விட்டால் பாண் பழுப்பாகிவிடும், சீனி வருத்தக்காரர்கள் அதைத் தவிட்டுப் பாண் என்று கூடுதல் விலை கொடுத்து வாங்குவார்கள். பொதி செய்த பாண் என்றால் உள்ளடக்கப் பட்டியலைப் பாருங்கள். முதலில் ஆட்டா மா இருக்கிறதா, கோதுமை மாவும் 150ம் இருக்கிறதா? கித்துள் பாணியிலும் இதே கதை. சீனிப்பாகைக் கலந்து விற்பது ஊரறிந்த விஷயம், கறுப்பாக இருப்பதால் அது கலப்படமில்லாத பாணி என்று ஆகிவிடாது. எங்கள் வீட்டில் கித்துள் சீவுகிற ஆளிடம் நேரே வாங்குகிறோம், ரோட்டோரப் போத்தலைத் தொடுவதில்லை.