விளையாட்டுப் பீரியடைக் கடன் கொடுக்காதீர்கள்

பள்ளிப் பிள்ளைகளின் சாப்பாடு, விளையாட்டு பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: பரீட்சை நெருங்கினால் போதும், என் மகனின் விளையாட்டுப் பீரியடைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்கிறார். படிப்புதானே முக்கியம் என்கிறார்கள். பள்ளிக்குப் போய்ச் சண்டை போடலாமா? (ஒரு தாய்)

பதில்: சண்டை வேண்டாம். ஆனால் தாராளமாகக் கேளுங்கள். நான் வேலையில் இருந்த காலம் முழுவதும் ஸ்டாஃப் ரூமில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி, "சார், உங்க பீரியட் ஃப்ரீதானே?" என்பதுதான். கணக்குப் பீரியடைப் பார்த்து யாராவது அப்படிக் கேட்பார்களா? கடனாகப் போன என் பீரியட் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

5 வயது முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் சராசரியாக நாளுக்கு 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி உடம்பை அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் வாரத்துக்கு மூன்று நாளாவது ஓடுவது, தாவுவது, ஏறுவது என எலும்புக்கும் தசைக்கும் வேலை கொடுப்பவையாக இருக்க வேண்டும். இப்போது 40 நிமிடப் பீரியட் ஒன்றைக் கையில் கடிகாரத்தோடு பாருங்கள். வரிசையாகப் படி இறங்கி வர ஐந்து நிமிடம். வருகைப் பதிவு, ஷூ லேஸ், தண்ணீர் பாட்டிலை எங்கே வைப்பது என்ற தகராறு. அப்புறம் ஒரு பந்துக்கு முப்பது பேர் வரிசை. ஒரு பிள்ளையின் உடம்பு நிஜமாக அசைந்தது பதினைந்து நிமிடம் இருந்தால் அது நல்ல வகுப்பு. அதையும் பிடுங்கினால் என்ன மிச்சம்?

படிப்பு கெட்டுவிடும் என்ற பயத்துக்கும் ஆதாரம் இல்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2010-ல் 50 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. கிடைத்த முடிவுகளில் பாதி, பள்ளியில் உடலசைவு கூடினால் படிப்புக்கு நல்லது என்றன. மற்றவற்றில் பெரும்பாலானவை வித்தியாசமே இல்லை என்றன. கெடுதல் என்று சொன்னவை சொற்பம்.

இதோடு இன்னொன்றையும் கேட்டு வாருங்கள். வீட்டுப்பாடம் எழுதாதவனை இன்டர்வெல்லில் வகுப்பிலேயே உட்கார வைக்கும் தண்டனை அங்கே உண்டா? படிப்புக்காகவோ தண்டனையாகவோ இடைவேளையைப் பறிக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2013-ல் வெளிப்படையாகச் சொன்னது. இருக்கையில் நெளிபவனைத்தான் நாம் இன்னும் இருபது நிமிடம் கூடுதலாக உட்கார வைக்கிறோம்.

தனியாகப் போகாதீர்கள், நான்கு பெற்றோர் சேர்ந்து போங்கள். கையில் டைம்டேபிள் இருக்கட்டும். அந்த மாதம் பறிபோன பீரியட்களைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, "இவற்றை எந்தத் தேதியில் திருப்பித் தருவீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள்.

கேள்வி: மகளுக்கு டிபன் பாக்ஸில் காய்கறி வைத்தால் அப்படியே திரும்பி வருகிறது. "சாப்பிட்டால் சாக்லேட்" என்று சொல்லிப் பார்த்தேன், இரண்டு நாள்தான் நடந்தது. (ஒரு தந்தை)

பதில்: சாக்லேட் பேரத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். லீன் பர்ச் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் 1984-ல் ஒரு சோதனை நடத்தினார்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பழக்கமில்லாத ஒரு பானத்தைக் கொடுத்தார்கள். சிலரிடம் "குடித்தால் பரிசு" என்றார்கள், சிலருக்குச் சும்மா கொடுத்தார்கள். பரிசுக்காகக் குடித்த பிள்ளைகளுக்கு அந்தப் பானத்தின் மேல் இருந்த விருப்பம் குறைந்துபோனது. பிள்ளையின் கணக்கு நேரானது: லஞ்சம் கொடுத்துச் சாப்பிட வைக்கிறார்கள் என்றால் இது நல்ல பொருளாக இருக்க முடியாது!

புதுக் காய் ஒன்று நாக்குக்குப் பழக எட்டு முதல் பதினைந்து தடவை வரை ஆகலாம். பெரும்பாலான வீடுகளில் மூன்றாம் தடவையே "இவளுக்கு இது பிடிக்காது" என்று தீர்ப்பு எழுதி வழக்கை முடித்துவிடுகிறோம். ஒரே ஒரு துண்டு வையுங்கள். வற்புறுத்த வேண்டாம், திரும்பி வந்தால் முகத்தைச் சுளிக்கவும் வேண்டாம். அடுத்த வாரம் மறுபடி ஒரு துண்டு.

ஆனால் பாக்ஸ் திரும்பி வருவதற்கு உங்கள் சமையலைவிடப் பள்ளி மணிதான் பெரிய காரணமாக இருக்கும் என்பது என் சந்தேகம். பல வருடம் சாப்பாட்டு நேர டியூட்டி பார்த்தவன் சொல்கிறேன். மணி அடித்ததும் பிள்ளைகள் கைகழுவும் குழாயில் முட்டிக்கொள்வார்கள். உட்கார இடம் பிடித்து மூடியைத் திறக்கும்போதே பத்து நிமிடம் போயிருக்கும். சாப்பிட்டு முடித்தால்தான் கிரவுண்டுக்குப் போகலாம் என்றால் பிள்ளை என்ன செய்யும்? மெல்லாமல் விழுங்க முடிந்ததை விழுங்கிவிட்டு, மெல்ல வேண்டியதை மூடி வைத்துவிட்டு ஓடும். காய்கறி மெல்ல வேண்டிய ஜாதி. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலப் பள்ளிகளில் நடந்த ஒரு ஆய்வில், சாப்பிட 20 நிமிடத்துக்கும் குறைவாகக் கிடைத்த பிள்ளைகள், 25 நிமிடமாவது கிடைத்த பிள்ளைகளைவிடக் காய்கறியை 12 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டார்கள்.

எங்கள் பள்ளியில் சிறு வகுப்புகளுக்கு வரிசையை மாற்றிப் பார்த்தோம். முதலில் விளையாட்டு, பிறகு கைகழுவல், பிறகு சாப்பாடு. ஓடி வந்த பசியோடு உட்கார்ந்தவர்களுக்கு எழுந்து ஓட வேறு காரணம் இல்லை. சமையல் மாறாமலேயே மிச்சம் குறைந்தது. பள்ளியில் இதைச் சொல்லிப் பாருங்கள், செலவில்லாத மாற்றம்.

கேள்வி: பழத்தின் மேல் கார்ட்டூன் ஸ்டிக்கர் ஒட்டினால் குழந்தைகள் பிஸ்கட்டை விட்டுப் பழத்தை எடுப்பார்கள் என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள். செய்து பார்க்கலாமா? (ஒரு ஆசிரியை)

பதில்: செய்யுங்கள், கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் ஆய்வில் நிரூபிக்கப்பட்டது என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். அது கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த பிரையன் வான்சிங்க் குழுவின் 2012 கட்டுரை. எல்மோ என்ற குழந்தைகள் டிவி பொம்மையின் ஸ்டிக்கர் ஒட்டிய ஆப்பிளை 8 முதல் 11 வயதுப் பிள்ளைகள் விரும்பி எடுத்தார்கள் என்று எழுதியிருந்தார்கள். கிளறிப் பார்த்தபோது, சோதனை நடந்ததே 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளிடம் என்று தெரிந்தது. 2017-ல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. பதினோரு வயதுப் பையனிடம் எல்மோ ஸ்டிக்கரைக் காட்டிப் பார்த்த எந்த ஆசிரியரைக் கேட்டிருந்தாலும் முதல் நாளே சிரித்திருப்பார்.

ஸ்டிக்கருக்குப் பதில் கத்தியைப் பிடியுங்கள். முழுப் பழத்தைக் கடிக்கச் சிறு பிள்ளைகளுக்கு வாய் போதாது, பல் விழும் வயது வேறு. நறுக்கி வைத்தால் கை தானாகப் போகும்.

கேள்வி: எங்கள் பள்ளியில் எல்லா மாணவர்களின் எடையையும் பார்த்து, வீட்டுக்கு அறிக்கை அனுப்பலாம் என்றிருக்கிறோம். வகுப்பு வாரியாகப் பலகையில் போட்டால் ஒரு போட்டி மனப்பான்மையும் வரும். உங்கள் கருத்து? (ஒரு தலைமையாசிரியர்)

பதில்: பலகை என்ற எண்ணத்தை இந்தக் கடிதத்தோடு கைவிடுங்கள், சார். அந்தப் பலகையைப் பிள்ளைகள் எப்படிப் படிப்பார்கள், யாருக்கு என்ன பட்டப்பெயர் வரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்கு அறிக்கை அனுப்புவதால்கூடப் பயனைக் காணோம். கலிபோர்னியாவில் 79 பள்ளிகளில் 2014 முதல் 2017 வரை இதைச் சோதித்தார்கள். அறிக்கை போன வீட்டுப் பிள்ளைகளின் எடையில் மாற்றம் எதுவும் இல்லை. பள்ளியில் எடை பார்க்கப்பட்ட பிள்ளைகளுக்குத் தங்கள் உடம்பின் மேல் அதிருப்தி கூடியதுதான் கண்ட பலன். உயரம் எகிறுவதற்குச் சற்று முன்னால் பூசினாற்போல இருப்பது பல பிள்ளைகளுக்கு இயல்பு. ஒரு நாள் எடையை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது. மருத்துவப் பரிசோதனை நடந்தால், தனி அறையில், எண்ணைச் சத்தமாக வாசிக்காமல் நடக்கட்டும். தகவல் பெற்றோருக்கு மட்டும் போகட்டும்.

எடை போட்டே ஆக வேண்டும் என்றால் மதியம் குப்பைத் தொட்டியில் விழும் சாப்பாட்டைப் போடுங்கள். எந்த நாளில் எது அதிகம் விழுகிறது என்று ஒரு மாதம் குறித்துவைத்தால், உங்கள் பள்ளியைப் பற்றி நிறையத் தெரிந்துகொள்வீர்கள்.

கேள்வி: சார், எனக்கு விளையாட்டு என்றாலே பிடிக்காது. டீம் பிரிக்கும்போது கடைசி ஆள் எப்போதும் நான்தான். லெட்டர் கொடுத்து லீவு போட்டுவிடலாம்போல இருக்கிறது. (எட்டாம் வகுப்பு மாணவி)

பதில்: உன்னை எனக்கு நன்றாகத் தெரியும். உன் பெயர் தெரியாது, அவ்வளவுதான். ஒவ்வொரு வகுப்பிலும் உன்னைப் பார்த்திருக்கிறேன். இரண்டு கேப்டன்கள் மாறி மாறிப் பெயர் சொல்லச் சொல்ல, மிச்சம் நிற்கும் பிள்ளை குனிந்து, ஒழுங்காகக் கட்டியிருக்கிற லேஸை அவிழ்த்துத் திரும்பக் கட்டும். யாரும் கூப்பிடாதது கேட்காதது மாதிரி இருக்க வேண்டுமே, அதற்காக.

உனக்குப் பிடிக்காதது விளையாட்டு இல்லை, அந்த நிற்பு. அதை மாற்றுவது உன் ஆசிரியரின் வேலை. இந்தப் பக்கத்தை அவரிடமே காட்டு. ஆசிரியரே, பிறந்த மாதத்தை வைத்துப் பிரியுங்கள், ஒன்று இரண்டு எண்ணிப் பிரியுங்கள், எப்படியாவது பிரியுங்கள். பிள்ளைகள் ஏலம் போட மட்டும் விடாதீர்கள். "அவுட்" ஆனால் ஓரமாக உட்கார வேண்டும் என்ற விளையாட்டுகளையும் குறையுங்கள். அவற்றில் முதலில் அவுட் ஆவது மெதுவாக ஓடும் பிள்ளை. யாருக்கு ஓட்டம் அதிகம் தேவையோ அவளே மிச்சப் பீரியட் முழுவதும் மரத்தடியில் இருப்பாள். என் வகுப்பில் அவுட் ஆனவர் வேலி வரை ஓடித் தொட்டுவிட்டுத் திரும்ப உள்ளே வரலாம்.

நீ தனி இல்லை என்பதும் தெரிந்திருக்கட்டும். 2016 வரையிலான விவரங்களை வைத்து 146 நாடுகளைக் கணக்கிட்டபோது, 11 முதல் 17 வயதுப் பெண்களில் 85 சதவீதம் பேருக்குப் போதுமான உடலசைவு இல்லை. பையன்களில் 78 சதவீதம். இதைச் சோம்பல் என்று சொல்பவர்கள் கிரவுண்டுக்குப் பக்கத்தில் சுத்தமான கழிப்பறை இருக்கிறதா, உடை மாற்ற இடம் இருக்கிறதா, ஓடுவதற்கு ஏற்ற உடையை அனுமதிக்கிறார்களா என்று முதலில் பார்க்கட்டும். மாதவிடாய் நாட்களில் யாரிடம் போய்ச் சொல்வது என்பதற்கும் ஒரு பதில் இருக்க வேண்டும்.

லீவு லெட்டர் வேண்டாம். யாரையும் தோற்கடிக்கத் தேவையில்லாத ஒன்றைப் பிடித்துக்கொள். கயிறு தாண்டுவது, சைக்கிள், நீச்சல், நடனம் எதுவானாலும் சரி. தோழி ஒருத்தியோடு வேகமாக நடந்தால்கூடப் போதும். மூச்சு வாங்க வேண்டும், பாட முடியாத அளவுக்கு, ஆனால் பேச முடிகிற அளவுக்கு.

கேள்வி: கேன்டீனில் கோலாவை நிறுத்திவிட்டுப் பழச்சாறு பாக்கெட் வைத்தோம். சரிதானே? (பெற்றோர் சங்க உறுப்பினர்)

பதில்: பாதி சரி. 330 மில்லி கோலாவில் சுமார் 35 கிராம் சர்க்கரை. 200 மில்லி பழச்சாறில் ஏறக்குறைய 20 கிராம். பழமாகச் சாப்பிட்டால் அது வேறு கதை. பிழிந்துவிட்டால் அந்தச் சர்க்கரையையும் உலக சுகாதார நிறுவனம் குறைக்க வேண்டிய பட்டியலில்தான் வைக்கிறது.

தண்ணீர்க் குழாயைக் கவனியுங்கள். ஜெர்மனியில் டோர்ட்முண்ட், எஸ்ஸென் நகரங்களின் 32 தொடக்கப் பள்ளிகளைச் சேர்த்து ஒரு ஆய்வு நடந்தது. அவற்றில் ஒரு பகுதியில் குடிநீர்க் குழாய் வைத்து, தண்ணீர் பற்றிச் சில பாடங்களும் நடத்தினார்கள். ஒரு கல்வியாண்டில் அங்கே அதிக எடைக்கான அபாயம் மற்றப் பள்ளிகளைவிட 31 சதவீதம் குறைவாக இருந்தது. முடிவு 2009-ல் வெளியானது. உங்கள் பள்ளிக் குழாயில் நீங்களே ஒரு தம்ளர் குடித்துப் பாருங்கள். முகம் சுளித்தால், முதலில் சரிசெய்ய வேண்டியது அதைத்தான்.

கேள்வி: மகனுக்கு ஆறு வயதிலேயே கண்ணாடி. வெளியே விளையாடுவதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? (ஒரு தாய்)

பதில்: உண்டு. சீனாவின் குவாங்சோவில் 12 பள்ளிகளில் நடந்த ஆய்வு 2015-ல் வெளியானது. முதல் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு பிரிவுக்குப் பள்ளி நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே வகுப்பு. மூன்று வருடத்தில் அவர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. மற்றவர்களில் அது சுமார் 40 சதவீதம். ஏற்கெனவே வந்த கண்ணாடி இதனால் கழன்றுவிடாது. தம்பி, தங்கை இருந்தால் அவர்களையும் சேர்த்து வெளியே அனுப்புங்கள். கண் மருத்துவர் சொன்ன தேதியையும் தவறவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் பள்ளிக்கு மைதானமே இல்லை. நாங்கள் என்ன செய்ய முடியும்? (ஒரு ஆசிரியர்)

பதில்: ஸ்காட்லாந்தில் ஸ்டெர்லிங் நகரப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியை எலெய்ன் வைலி, 2012-ல் பிள்ளைகளைத் தினமும் 15 நிமிடம் பள்ளியைச் சுற்றி ஓட வைக்க ஆரம்பித்தார். விளையாட்டு உடை வேண்டாம், கருவி வேண்டாம், போட்டி கிடையாது. ஓட முடியாதவர் நடக்கலாம். "டெய்லி மைல்" என்ற பெயரில் பல நாடுகளுக்குப் பரவியது அதுதான். உங்கள் கட்டடத்தைச் சுற்றி ஒரு பாதை இருக்கும் அல்லவா? அது எத்தனை அடி என்று பிள்ளைகளையே அளக்கச் சொல்லுங்கள், கணக்குப் பாடமும் ஆயிற்று. ஓரத்தில் கிடக்கும் உடைந்த பெஞ்ச், கற்களை முதலில் அப்புறப்படுத்துங்கள். வெயில் ஏறும் முன், இரண்டாம் பீரியட் முடிந்ததும் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டமாக அனுப்பாமல், வகுப்பு வகுப்பாக இரண்டு நிமிட இடைவெளி விட்டு அனுப்புங்கள், இல்லாவிட்டால் முதல் வளைவிலேயே இடித்துக்கொள்வார்கள். மழை நாளில் வராந்தாவில் ஓட விடாதீர்கள், ஈரத் தரை வழுக்கும். அன்றைக்கு மட்டும் டெஸ்க்குகளை ஓரம் தள்ளிவிட்டு வகுப்புக்குள்ளேயே நின்ற இடத்தில் குதிக்கட்டும். கீழ்த்தள வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.