லேசரை அணைக்காமல் ஒளியை அணைக்க

கேள்வி: எம்.எஸ்சி. இயற்பியல் மாணவன் நான். ருபீடியம் சோதனைக்கு 780 நானோமீட்டர் டயோடு லேசர் வைத்திருக்கிறோம். கரண்டை விட்டுவிட்டுக் கொடுத்தால் அலைநீளம் ஓடிவிடுகிறது. அதனால் 80 மெகாஹெர்ட்ஸ் அக்கூஸ்டோ-ஆப்டிக் மாடுலேட்டர் (ஒலி அலையால் ஒளியைத் திருப்பும் கருவி) வைத்தோம். முதல் ஆர்டரில், அதாவது திரும்பி வரும் முதல் கற்றையில், ஒளியின் 35 சதவீதம்தான் வருகிறது. எங்கே தவறு?

பதில்: கரண்டைத் தொடாதது நல்ல முடிவு. கரண்ட் மாறினால் டயோடின் சூடும் ஒளிவிலகல் எண்ணும் மாறும், அலைநீளம் நிலைகொள்ளாது. மாடுலேட்டரில் லேசர் எரிந்தபடியே இருக்கும். டெல்லூரியம் டையாக்சைடு படிகத்துக்குள் வினாடிக்கு 4,200 மீட்டர் வேகத்தில் ஓடும் ஒலி, சுமார் 52 மைக்ரோமீட்டருக்கு ஒன்றாக அடர்த்தி வரிகளைப் போடுகிறது. ஒளியைத் திருப்புவது அந்த வரிகள்தான்; ஒலியை நிறுத்தினால் திரும்பிய கற்றையும் அணைந்துவிடும்.

முதலில் கோணத்தைப் பாருங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு, ஒரு மீட்டர் தள்ளி இன்ஃப்ராரெட் கார்டைப் பிடியுங்கள். நடுப்புள்ளியிலிருந்து 15 மில்லிமீட்டரில் முதல் ஆர்டர் விழும். இரு பக்கமும் ஒரே மங்கலாகப் புள்ளிகள் தெரிந்தால் கற்றை நேராக நுழைகிறது. படிகத்தை அரை டிகிரிக்கும் சற்றுக் குறைவாகத் திருப்புங்கள். ஒரு புள்ளி பளிச்சென்று ஏறும், எதிர்ப்புள்ளி அடங்கும். இந்தப் பல புள்ளிகளின் கணக்கை 1935-லேயே பெங்களூரில் சி.வி. ராமனும் நாகேந்திர நாத்தும் போட்டுவிட்டார்கள் என்பது எனக்கு இன்றும் சிலிர்ப்பு.

அடுத்து ஆர்எஃப் பவர், அதாவது படிகத்தில் ஒலியை எழுப்பும் ரேடியோ அதிர்வெண் மின்திறன். தேவையான பவர் அலைநீளத்தின் வர்க்கத்தோடு ஏறும். டேட்டாஷீட் 633 நானோமீட்டருக்கு எழுதியதென்றால் உங்களுக்கு ஒன்றரை மடங்கு வேண்டும். குறிப்பிட்ட உச்சவரம்பைத் தாண்டாதீர்கள்.

பலரும் சறுக்குவது கற்றையின் அளவில். ஒலி கற்றையைக் கடக்கும் நேரத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் உங்கள் ஸ்விட்ச் நேரம்: 1 மில்லிமீட்டர் கற்றைக்குச் சுமார் 150 நானோவினாடி, 0.2 மில்லிமீட்டருக்கு 30. வேகத்துக்கு ஆசைப்பட்டு லென்ஸால் இறுக்கினால் கற்றை விரிந்து நுழையும். அதில் ஒரு பகுதிக்குத்தான் கோணம் பொருந்தும், மீதி நேரே போய்விடும். டயோடு கற்றை நீள்வட்டம் வேறு. அனமார்ஃபிக் பிரிசத்தால் வட்டமாக்கி, 0.5 மில்லிமீட்டரிலிருந்து தொடங்குங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம்: முதல் ஆர்டர் ஒளியின் அதிர்வெண் 80 மெகாஹெர்ட்ஸ் நகர்ந்திருக்கும். ருபீடியம் ஒளியை உறிஞ்சும் கோட்டின் அகலமே 6 மெகாஹெர்ட்ஸ்தான். லாக்குக்கான (லேசரை அந்தக் கோட்டோடு பூட்டிவைப்பதற்கான) கற்றையை மாடுலேட்டருக்கு முன்னாலேயே பிரித்தெடுத்து, அந்த 80-ஐக் கணக்கில் சேர்த்து லாக் செய்யுங்கள். அப்போது ஒளியை எத்தனை முறை அணைத்தாலும் லாக் விடாது.