அக்கா கல்யாணத்துக்கு முடியை வெட்ட வேண்டுமா?

தங்கச்சி, திருநங்கையான நீ முடியை வெட்டி, வேட்டி கட்டினால்தான் அக்கா கல்யாணத்துக்கு அம்பாசமுத்திரம் வரலாம் என்று அப்பா சொன்னதாக எழுதியிருக்கிறாய். வெட்டாதே. இதைக் கொடுத்தால் அடுத்த விசேஷத்துக்கு வேறொன்றைக் கேட்பார்கள். ஆச்சி மட்டும் உன்னைப் புதுப்பெயரில் கூப்பிடுகிறாள் என்றாயே, அவளை அப்பாவிடம் பேசச் சொல். நம்ம ஊர்ப்பக்க வீடுகளில் ஆச்சி பேச்சுக்குத் தனி மதிப்பு உண்டு.

டாக்டரிடம் காட்டி உன்னை ‘மாற்றும்’ யோசனைக்கு மட்டும் சம்மதிக்காதே. அப்படிப்பட்ட சிகிச்சை முயற்சிகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-லேயே தடை விதித்துவிட்டது.

கல்யாணத்துக்குப் போக முடியாமல் போனால் அன்று தனியாக இருக்காதே. பாளையங்கோட்டைத் தோழி வீட்டுக்குப் போ, நேரத்துக்குச் சாப்பிடு. ஹார்மோன் மாத்திரையைக் கோபத்தில் நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம். மனசு தாங்கவில்லையென்றால் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு அழை, தமிழிலேயே பேசலாம். அப்புறம், நீ வரவேண்டுமா என்று அக்காவிடமே தனியாகக் கேட்டுப் பார்.